எரிந்த சரிவும் எங்கள் சொந்த ஊரும்

தில்லியில் மலை உண்டு என்று ஊரில் சொன்னால் நம்புவார் இல்லை. குதுப்மினாரையும் செங்கோட்டையையும் படத்தில் பார்த்தவர்களுக்கு இது தட்டையான ஊர். ஆனால் குஜராத்தில் தொடங்கி எழுநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைய ஓடிவரும் ஆரவல்லித் தொடரின் வால்நுனி இங்கேதான் வந்து மண்ணில் புதைகிறது. இமயத்தைவிடப் பன்மடங்கு மூத்த மலை அது. மூப்பினால் தேய்ந்து மேடாகிவிட்டது. 1931-இல் புதுதில்லி திறக்கப்பட்டபோது தலைமைச் செயலகக் கட்டடங்கள் எழுந்து நின்ற ரைசினாக் குன்று அதன் ஒரு துண்டு. இராமகிருஷ்ணபுரத்தில் நாம் சஷ்டிக்குச் சஷ்டி படியேறுகிற மலை மந்திரின் குன்றும் அதன் உறவே. கோப்பும் குமரனுமாகத் தில்லித் தமிழரின் வாழ்வு முழுவதும் ஆரவல்லியின் முதுகில்தான் நடக்கிறது என்று எங்கள் இல்லத்தார் கேலியாகச் சொல்வதுண்டு.

அந்த மேட்டை இவ்வூரார் 'ரிட்ஜ்' என்பர். நாம் அதைப் பாலை என்று அழைத்தால் தவறில்லை. பாலை என்பது தனியொரு நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. தில்லி ரிட்ஜைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கிறது. ஆண்டில் மூன்று திங்கள் மழை, மற்றவை காய்ச்சல். அந்த மூன்று திங்களில் அது முல்லை. பங்குனி முற்றினால் பாலை. இப்படிப்பட்ட நிலத்திற்கு உரியது வானளாவிய காடு அன்று. முள்ளும் புதரும் இடையிடையே புல்லும் குட்டை மரங்களும் கலந்த புதர்க்காடு. இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகளாய் நின்று வேனிலில் செங்கல் நிறத்தில் பூக்கும் கரீல், நம் ஊர் இலந்தையின் குள்ளத் தங்கையான புதர் இலந்தை, சிறுகளா, ஆடாதோடை, வெள்வேலம், நம் வெக்காலி மரத்தின் இனமாகிய தௌ, புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்த புரசு. பெயர்களைத் தமிழில் அடுக்கியதும் ஏதோ சிவகங்கைப் பக்கம் போய் வந்தது போல் இருக்கிறதல்லவா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இருபது ஆண்டுகள் இந்நகரில் குடியிருந்தும், காலடியில் இருந்தது நமக்குத் தெரிந்த செடிகள் என்பதை ஒரு தீ வந்துதான் காட்டிற்று.

2018 மே மாதம். எங்கள் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டிய சரிவில் பிற்பகல் தீப்பற்றியது. குப்பைக்கு யாரோ வைத்த நெருப்பு என்றனர். காய்ந்த புல்லில் மேற்கேயிருந்து அடித்த 'லூ' காற்று அதை ஏந்திக்கொண்டு ஓடியது. தீயணைப்பு வண்டி வந்து குழாயை இழுத்து முடிப்பதற்குள் இரண்டு ஏக்கர் அளவு கரியாகிவிட்டது. வீடுகளுக்குச் சேதமில்லை. மறுநாள் காலை பால் வாங்கப் போனவர்கள் கருகிய சரிவைப் பார்த்து, "நல்லதாயிற்று, பாம்பு போயிற்று" என்றார்கள். ஆமையொன்று ஓடு வெந்து கிடந்தது. எங்கள் மகள் அன்று பள்ளிக்குப் போக மறுத்தாள்.

பெருந்தீக்களின் கதை வேறு. 2022 மார்ச் இறுதியில் இதே ஆரவல்லியின் மேல்வழியில், அல்வர் மாவட்டத்துச் சரிஸ்காவில் மூண்ட தீ ஏறத்தாழ பத்துச் சதுர கிலோமீட்டரைத் தின்றது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் சிலிசேட் ஏரியில் நீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. எங்கள் சரிவு அதன் முன் ஒரு தீக்குச்சி. ஆயினும் தீக்குப் பிந்திய கேள்வி இரண்டிற்கும் ஒன்றே: இனி இங்கே எது முளைக்கப் போகிறது?

அதற்கு விடை சொன்னவர் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் வேலை பார்த்த முதிய தோட்டக்காரர். அல்வர்ப் பக்கத்தவர். (முதலில் கேட்டபோது எங்கள் மகன் 'ஆழ்வார்' என்று எண்ணிக்கொண்டு, பன்னிருவரில் இவர் யார் என்று கேட்டான்.) குடியிருப்போர் சங்கம் அவரைக் கூப்பிட்டு, எரிந்த இடத்தைக் கொத்திவிட்டுப் புல்தரையும் குல்மோகரும் வைக்கத் திட்டம் கேட்டது. அவர் தலையை ஆட்டினார். "முதல் மழை பெய்யட்டும் பாபுஜி. மண்ணைத் தொடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கிறதா என்று நிலம் தானே சொல்லும்" என்றார். அதுவரை செய்யத்தக்கதாக அவர் சொன்னது ஒன்றுதான்: சரிவுக்குக் குறுக்கே கல்லை வரிசையாக அடுக்குவது. செடி எரிந்த மேட்டில் முதல் மழை நீரோடு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். மண் போனபின் எதை நட்டு என்ன? ஜூன் மாதத்து இரண்டு ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கல் சுமந்தோம். பிரிவு அலுவலர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் மருத்துவ விடுப்பில் போனார்.

மழை வந்தது. பதினைந்து நாளில் சரிவு பச்சையாயிற்று. எல்லோரும் மகிழ்ந்தனர், தோட்டக்காரர் மட்டும் மகிழவில்லை. குனிந்து பார்த்தால் அந்தப் பச்சையில் முக்கால் பங்கு ஒரே மரத்தின் துளிர். எரிந்த அடிக்கட்டை ஒவ்வொன்றைச் சுற்றியும் பத்துப் பதினைந்து குருத்து, குடை விரித்தாற்போல். 'விலாயதி கீக்கர்' என்றார் அவர். எங்களுக்கு அதைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது சீமைக்கருவேலம். விலாயத் என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றுதானே.

இம்மரம் தென் அமெரிக்கா, கரீபியக் கரைகளைச் சேர்ந்தது. இந்தியாவிற்குள் அதை அழைத்தது ஓர் அலுவலகக் கடிதம் என்பதை எழுத்தர் பணியில் இருப்பவர் என்ற முறையில் நாங்கள் சற்று இரசித்தோம். சென்னை மாகாணத்துக் காட்டதிகாரி பெட்டோம் விதை வேண்டி வருவாய்த் துறைக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877-இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சம் தீர வேண்டும், வறண்ட நிலம் பசுமையாக வேண்டும் என்பது நோக்கம். தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவிப்பு வந்தபின், புதிய நகரின் பின்னணி பச்சையாகத் தெரிய வேண்டுமென்று ஆங்கிலேயர் ரிட்ஜிலும் அதை வளர்த்தனர். அது வளர்ந்தது, எவர் சொல்லியும் நிற்கவில்லை. ஆடும் மாடும் நீலமானும் இனிப்பான காயைத் தின்று, செரியாத விதையை எருவோடு ஊர் ஊராக இட்டுச் செல்கின்றன. வேர் ஆழம் போகிறது. உதிர்ந்த இலை மட்கும் மண்ணில் பிற விதைகள் முளைக்கத் தயங்குகின்றன என்று ஆய்வாளர் கூறுவர். வெட்டினாலும் எரித்தாலும் அடித்தண்டின் கண்களிலிருந்து மீண்டும் கிளம்பும். ஆகவே ஒவ்வொரு தீயும் பிறருக்கு நட்டம், அதற்கு வரவு.

இந்த இடத்தில் எங்கள் குடும்பக் கணக்கு ஒன்றைச் சொல்லாமல் மேலே போக இயலாது.

எங்கள் தகப்பனார் முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டவர். கண்மாய்க் கரையிலும் தரிசிலும் நின்ற சீமைக்கருவேலத்தை ஏலத்தில் எடுத்து வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, நாள் கணக்கில் புகைய விட்டுக் கரியாக்கி, மூடை கட்டி லாரிக்கு அனுப்புவார். மழை பொய்த்த ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் அடுப்பெரிந்தது இந்த மரத்தால்தான். எங்கள் பி.ஏ. படிப்புக்குக் கல்லூரியில் கட்டிய பணமும், பணித்தேர்வு எழுத மதுரைக்குப் போன பேருந்துக் கட்டணமும் கரி மூடைக் காசு. தகப்பனாருக்குப் பின் தம்பி அதே தொழிலில் இருக்கிறார். இப்போது அந்த மரத்தைத்தான் தில்லியில் ஞாயிறுதோறும் பிடுங்குகிறோம் என்று தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணே, அதைப் புடுங்க உங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப எதுக்கு?" என்றார்.

எதற்கு என்பதை அன்று அவருக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டிலேயே இது பற்றிப் பெரிய வழக்கு நடந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றச் சொன்னதும், 2017-இல் அப்பணி இடையில் நிறுத்தி வைக்கப்பட்டதும், 2022-இல் அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்குத் தனிக் கொள்கை வெளியிட்டதும் நாமறிந்தவை. தம்பிக்கு அவை அனைத்தும் தம் அடுப்பைப் பற்றிய செய்திகள்.

இன்னொரு நெருடலும் இருந்தது. தில்லியில் இரு தமிழர் சந்தித்தால் பெயருக்கு அடுத்து வரும் கேள்வி, "உங்களுக்கு நேட்டிவ் எது?" என்பது. அரசுப் பணியாளராயின் அதற்கு எழுத்து மூலமான விடையும் உண்டு. விடுமுறைப் பயணச் சலுகைக்காகப் பணிப்பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்று ஒன்றை எழுதித் தர வேண்டும். எழுதினால் எழுதியதுதான், தக்க காரணம் காட்டிப் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை மாற்றலாம். நாங்கள் முதுகுளத்தூர் என்று எழுதினோம். எங்கள் பிள்ளைகள் தில்லியில் பிறந்தவர்கள். முதுகுளத்தூரில் அவர்களை 'டெல்லிக்காரப் பிள்ளைகள்' என்கிறார்கள், தில்லியில் 'மதராசி' என்கிறார்கள். இந்நிலையில் ஒரு செடியைக் காட்டி, இது மண்ணின் மைந்தன், அது வந்தேறி, வந்தேறியைப் பிடுங்கு என்று பிள்ளைகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. மகள் கேட்டே விட்டாள்: "நூறு வருஷமாக இங்கேயே இருக்கிறதே, அதற்கு இன்னும் நேட்டிவ் கிடைக்கவில்லையா?"

தோட்டக்காரரிடம் இதை இந்தியில் பெயர்த்துக் கேட்டோம். அவர் பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. "ரிட்ஜின் கீழே போய்ப் பாருங்கள், கீக்கர் நிற்கும் இடத்தில் வேறு யார் சாப்பிடுகிறார்கள்?" என்றார். போய்ப் பார்த்தோம். கீக்கர்த் தோப்பினுள் நிழல் உண்டு. கூடு கட்டும் புறாவும் உண்டு. ஆனால் தரை வெறுமை. புல் இல்லை, புல்லைத் தின்னும் பூச்சி இல்லை, பூச்சியைத் தேடும் தவிட்டுக்குருவி இல்லை. அங்கிருந்து ஐம்பது அடி தள்ளி, தப்பிப் பிழைத்த ஒரு கரீல் புதரும் இரண்டு இலந்தையும் ஆடாதோடையும் இருந்த இடத்தில் எறும்பும் ஓணானும் சிட்டும் சந்தைக் கூட்டமாக இருந்தன. வேப்பமரத்தை எவரும் அந்நியம் என்று பிடுங்குவதில்லை. புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பார்கள், அதையும் யாரும் விரட்டவில்லை. வந்த இடத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் வேறு, பந்தியையே சுருட்டிக்கொண்டு போனவர் வேறு என்று மகளுக்குச் சொன்னோம். அவள் ஒப்புக்கொண்டாளா என்பது வேறு. ஆனால் அடுத்த ஞாயிறு கையுறை கேட்டாள்.

வழிகாட்ட ஒரு முன்னோடியும் அருகிலேயே இருந்தது. வசந்த் விகாரை அடுத்து 692 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவை நம்மவர் பலர் காலை நடைக்கு அறிவர். கல்லும் மண்ணும் தோண்டிக் கைவிட்ட குழிகளும் கீக்கருமாகக் கிடந்த இடம் அது. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டலில் அதை ஆரவல்லியின் பழைய புதர்க்காடாக மீட்டெடுத்தன. அவர்கள் கீக்கரை ஒரே நாளில் வேரோடு சாய்க்கவில்லை. மேற்கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கினார்கள். அந்த வெளிச்சத்தில் புல்லையும் புதரையும் உரிய மரக்கன்றுகளையும் வளர்த்தார்கள். அவை தலைதூக்கி மேலே மூடியபோது கீக்கர் தானே நலிந்தது. மொட்டையடித்துவிட்டு நட்டால் வெயிலும் மண்ணரிப்பும் புதுத் துளிரும் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பது அதிலுள்ள அறிவு. குல்மோகர் நடுவதற்கு ஒரு மழைக்காலம் போதும். இதற்குப் பத்து ஆண்டு வேண்டும். திறப்பு விழாவிற்கு நாடா வெட்டத்தக்க நாள் எதுவும் இதில் இல்லை. அதனால்தானோ என்னவோ நம் சங்கங்களுக்கு இது எளிதில் பிடிப்பதில்லை.

ரிட்ஜ் காட்டு நிலம். கைவைக்க இசைவு வேண்டும். எழுத்தர்கள் பலர் கூடிய குடியிருப்பில் விண்ணப்பத்திற்கா பஞ்சம்? 2018 ஆகஸ்டில் அனுப்பிய விண்ணப்பம், உரிய அலுவலகத்தின் மேசைகளைத் தரிசித்துக்கொண்டு பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது: தரையிலிருந்து கிளம்பும் துளிர்களை அகற்றலாம், கன்று நடலாம், வளர்ந்த மரங்களைத் தொடக்கூடாது. 2019 ஜூலையில் 120 கன்றுகள் நட்டோம். எருக்குழி இல்லை, உரம் இல்லை. எரிந்த மண்ணில் முதலில் ஊசிப்புல் விதையைத் தூவி, புல் பிடித்த இடத்தில் இலந்தையும் களாவும், அவற்றின் முள் காவலில் தௌவும் புரசும். ஆடு புகாதிருக்க முள்ளே வேலி. மறு ஆண்டுக் கோடையில் நோய்த்தொற்று ஊரடங்கு வந்து, தண்ணீர் ஊற்ற எவரும் வெளியே போக இயலவில்லை. கதவு திறந்தபோது 47 கன்று உயிரோடு இருந்தது. தோட்டக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த நாற்பத்தேழும் இனி எவரையும் எதிர்பாராது என்றார். நாங்கள் நடாமலேயே, எரிந்த வேரிலிருந்து தானே எழுந்த கரீல் புதர்கள் ஒன்பது. அவற்றைக் கண்டுபிடித்த நாளில் எங்கள் இல்லத்தார், காவிரிக் கரையில் பிறந்து முள்ளென்றால் முகம் சுளிப்பவர், அவற்றுக்குச் சுற்றிலும் கல் வைத்துக் குங்குமம் இடாத குறைதான்.

2023 மார்ச்சில் அந்தக் கரீல் பூத்தது. அதைத் தொடர்ந்து, கரிய நரம்போடிய வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. அவற்றின் புழு கரீல் இனத்துச் செடிகளின் தளிரைத் தின்று வளர்வது. வேறு எந்தப் பச்சையைக் காட்டியும் அதை ஏமாற்ற முடியாது. ஐந்து ஆண்டு வேலைக்கு அந்த வெள்ளைச் சிறகுகள்தாம் எங்களுக்கு வந்த முதல் ரசீது.

ஆனால் கீக்கர் விடுவதாயில்லை. துளிரை ஒடித்தால் இரட்டிப்பாக வந்தது. ஆறு மழைக்காலம் ஒடித்தோம். அவ்வாண்டு டிசம்பரில் தம்பி முதன்முறையாகத் தில்லி வந்தார். தாஜ்மகால் போகலாம் என்றோம்; முதலில் அந்தச் சரிவைக் காட்டச் சொன்னார். கம்பளியும் குல்லாயுமாகப் போய் நின்று, ஒடித்த கட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். "முடி வெட்டியிருக்கீங்கண்ணே, தூர் அப்படியே இருக்கு" என்றார். தோட்டக்காரரின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினார். தண்டும் வேரும் கூடும் இடத்திற்கு ஒரு முழம் தள்ளி மண்ணைப் பறித்து, பக்கவேர்களை ஒவ்வொன்றாக அறுத்து, துளிர்க்கும் கண்கள் உள்ள முடிச்சு முழுவதையும் அடியோடு நெம்பி எடுத்தார். கால் மணி நேரம் ஆகவில்லை. தூர்க்கட்டைக் கரிக்கு ஊரில் விலை கூடுதல். அதற்காகக் கற்ற வித்தை. அருகில் நின்ற கரீலின் வேரில் ஒரு கீறலும் விழவில்லை.

அடுத்த நான்கு நாளும் இருவரும் காலையிலேயே சரிவுக்குப் போய்விட்டார்கள். தம்பிக்கு இந்தி வராது. தோட்டக்காரருக்குத் தமிழ் தெரியாது. கட்டையைப் புரட்டிப் போட்டு, விரலால் கண்களைத் தொட்டுக் காட்டி, ஒருவர் சொல்வதை மற்றவர் தம் மொழியில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு தூர் எடுத்தார்கள். கடைசி நாள் மாலை நாங்கள் அலுவலகம் விட்டு நேரே அங்கே போனபோது, தூர்கள் எல்லாம் சுவரோரம் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. தம்பி அவற்றைச் சுற்றி வந்து கண்ணால் எடை போட்டு, நான்கு விரலை நிமிர்த்தி, "நாலு மூடை தேறும்" என்றார். தோட்டக்காரர் தலையை ஆட்டி மறுத்து, மூன்று விரலைக் காட்டினார்.